கடும்புப் பால் குட்டிக்கே உரியது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாடு கட்டுவதற்குப் போதிய இடமும் புல்லும் இல்லாத வளவுகள் பல. அத்தகைய வளவிலும் ஓர் ஆடு நிற்பதைக் காணலாம். வேலிக் குழையைத் தின்று, வீட்டாரின் தேநீருக்கு வேண்டிய பாலை அது தருகின்றது. இச்சிறு செல்வம் கமக்காரரின் கையைவிட்டுப் போவது பெரும்பாலும் குட்டி பிறந்த முதல் நாளிலேயாகும்.

மாரி இரவொன்றில் ஆடு இரண்டு குட்டிகளை ஈனுகின்றது. காலையில் மடி நிறைந்திருப்பதைக் கண்ட வீட்டார் கடும்புப் பாலைக் கறந்து, காய்ச்சி, சீனியிட்டு உண்கின்றனர். எஞ்சியதே குட்டிகளுக்குக் கிடைக்கின்றது. சில நாட்களில் ஒரு குட்டி கழிச்சல் கண்டு இறக்கின்றது. மற்றையது வளர்ச்சி குன்றி நிற்கின்றது. நாவூறு பட்டதென்பர் சிலர். உண்மைக் காரணம் வேறு.

முதல் நாள்

மனிதக் குழந்தை நோயெதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியைத் தாயின் வயிற்றிலேயே பெற்றுக்கொள்கின்றது. ஆட்டுக்குட்டி அவ்வாறு பெறுவதில்லை. கடும்புப் பாலே அதற்கு அச்சக்தியை அளிக்கின்றது. குட்டியின் குடல் இதனை உறிஞ்சும் தன்மை மணிக்கு மணி குறைந்து, 24 மணித்தியாலங்களின் பின் ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. ஆகையால் மறுநாள் எவ்வளவு ஊட்டினும் முதல் நாளின் குறை தீராது.

குட்டி பிறந்து ஒரு மணித்தியாலத்துள் முதன்முறை குடிக்க வேண்டும். 2 கிலோகிராம் நிறையுள்ள குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லிலீற்றருக்குக் குறையாமல், பல தடவையாகக் கிடைத்தல் அவசியம். எழுந்து நிற்க இயலாத குட்டியின் உடலைச் சாக்கினால் துடைத்துச் சூடேற்றிய பின், சூப்பிப் போத்தலால் மெதுவாக ஊட்டலாம். வாயில் ஊற்றினால் பால் சுவாசப்பைக்குள் சென்றுவிடும். தொப்புட்கொடியை அயடீனில் தோய்த்துவிடவும் மறத்தலாகாது.

ஈனுவதற்கு முன்

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். கிடாய்க்கு விட்ட திகதியைக் குறித்து வைப்பவரே ஈனும் நாளை முன்னறிவர். ஈனுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் கறவையை நிறுத்த வேண்டும். குட்டி வயிற்றில் விரைவாக வளர்வதும், மடி அடுத்த கறவைக்கு ஆயத்தமாவதும் இக்காலத்திலேயே. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை முதலிய குழைகளுடன் தவிடும் பிண்ணாக்கும் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தல் நன்று. திடீரெனக் கூட்டினால் செமியாமை உண்டாகும்.

கிடாயைத் தெரிதல்

இந்தியாவின் யமுனை நதிப் பிரதேசத்தைச் சேர்ந்த ஜமுனாபாரி இனம், நீண்டு தொங்கும் காதுகளாலும் வளைந்த மூக்கினாலும் எளிதில் அறியப்படுவது. இதன் கலப்பு ஆடுகள் பாலுக்கு ஏற்றவை. ஆயினும் தான் பெற்ற மறிகளோடு அதே கிடாயைச் சேர்த்தல் தவறு. பலங்குன்றிய குட்டிகள் பிறக்கும். அயலவர்கள் கிடாய்களை மாற்றிக்கொள்வது நலம்.

கொட்டிலும் மடியும்

ஈரநிலம் ஆட்டுக்குப் பகை. பனஞ்சலாகைகளை ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு அடித்த உயர்தட்டில் பிழுக்கையும் சலமும் கீழே விழும், மடி உலர்ந்திருக்கும். கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்து, முதற் பீச்சைத் தனிக் கிண்ணத்தில் பார்க்க வேண்டும். கட்டியோ இரத்தமோ காணப்படின் அது மடிவீக்கத்தின் அறிகுறி. மருந்து கொடுத்த ஆட்டின் பாலைக் கால்நடை வைத்தியர் விதிக்கும் நாட்கள் வரை எவருக்கும் கொடுத்தலாகாது. ஏனைய பாலையும் காய்ச்சியே பருக வேண்டும்.

குடற்புழு

இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவின் குஞ்சுகள் பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறுகின்றன. பனி உலர்ந்த பின் மேயவிடுவதும், குழையை உயரத்தில் கட்டிக் கொடுப்பதும் இதனைத் தடுக்கும். கீழிமையின் உட்புறம் வெளிறினால் அல்லது தாடையின் கீழ் வீக்கம் கண்டால் தாமதியாது வைத்தியரை நாடுக.

முதல் மூன்று நாட்களின் பால் முழுவதும் குட்டிக்கே உரியது. இரண்டு வாரங்களின் பின் இரவில் குட்டியைப் பிரித்து வைத்துக் காலையில் வீட்டுக்குக் கறக்கலாம். மூன்று மாதமளவில் பால் மறக்கச் செய்யலாம்.

நன்கு வளர்ந்த மறிக்குட்டி ஒரு வயதளவில் கிடாய்க்கு விடத்தக்கது. அதன்பின் ஐந்து மாதத்தில் அதுவும் பாலாடாகும். ஒரு காலைப் பொழுதின் கடும்புக்காக வளவின் அடுத்த பாலாட்டை இழப்பது இலாபமோவெனக் கமக்காரர் எண்ணிப் பார்ப்பாராக.