போர்தோ சிவப்பு ஒயின்: சுவைத்தலும் முதிரவைத்தலும்

போர்தோ சிவப்பு ஒயின் என்பது பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் திராட்சையிலிருந்து தயாரிக்கப்படும் மது ஆகும். பெரும்பாலும் இது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட திராட்சை வகைகளின் கலவை. இதன் உயர்தர வகைகள் புட்டியில் அடைத்தபின் பத்து, இருபது ஆண்டுகளும், சில அதற்கு மேலும் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் விற்பனைக்கு வரும்போது அவை இளம் ஒயின்களே. அவை நன்கு முதிருமா என்பதை அப்போதே கணிக்க வேண்டியுள்ளது. துவர்ப்பு மிகுந்த ஒயின் நீண்டகாலம் நிற்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மை மட்டுமே. துவர்ப்பு, அமிலம், பழச்சுவை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் ஒயின் நன்கு முதிரும்.

கலவையும் நிலமும்

காரோன், தோர்தோன் என்னும் இரு ஆறுகள் கூடி ஜிரோந்து கழிமுகமாகிக் கடலை அடைகின்றன. இடது கரையில் உள்ள மெதோக் பகுதியின் சிறந்த தோட்டங்கள் கூழாங்கல் நிலத்தில் அமைந்தவை. இந்நிலம் நீரை எளிதில் வடியவிடும். பகல் வெப்பத்தையும் தேக்கிவைக்கும். தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவின்யோன் திராட்சைக்கு இது ஏற்றது. வலது கரையில் உள்ள பொம்ரோல், சேன்ட் எமிலியோன் பகுதிகளில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் மிகுதி. அங்கே முன்கூட்டியே பழுக்கும் மெர்லோ முதன்மை பெறுகிறது. காபர்னே பிராங், பெத்தீ வெர்தோ, மால்பெக் முதலியவையும் கலக்கப்படுவதுண்டு.

இக்கலவைக்கு வானிலையும் ஒரு காரணம். அட்லாண்டிக் கடலை ஒட்டிய இப்பகுதியில் மழையும் குளிரும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். எனவே ஒரு வகை சரியாகப் பழுக்காத ஆண்டில் மற்றொன்று கைகொடுக்கும். சுவையிலும் இவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. காபர்னே சோவின்யோன் துவர்ப்பையும் கட்டுக்கோப்பையும் தருகிறது. மெர்லோ மென்மையையும் சதைப்பற்றையும் சேர்க்கிறது.

முதிர்ச்சியின்போது நடப்பவை

திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் சிறிதளவு சேரும். இவை உமிழ்நீரிலுள்ள புரதங்களுடன் பிணைவதால் நாக்கும் ஈறும் வறண்டு இறுகுவதுபோல் தோன்றும். பால் சேர்க்காத கடுந்தேநீர் குடிக்கும்போது ஏற்படுவதும் இதே உணர்வுதான்.

ஆண்டுகள் செல்லச் செல்ல டானின்கள் தம்முள்ளும், தோலின் நிறமிகளுடனும் இணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. இவற்றில் ஒரு பகுதி கரைசலில் நிற்காமல் வண்டலாகப் படிகிறது. துவர்ப்பு மென்மையாகிறது, ஊதா கலந்த கருஞ்சிவப்பு மெல்ல மங்கிச் செங்கல் நிறத்தை அடைகிறது. இளமையில் இருந்த பிளாக்கரண்ட், பிளம் போன்ற பழ மணங்கள் குறைந்து, தேவதாரு, புகையிலை, பதனிட்ட தோல், ஈர மண் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழுகின்றன. அமிலம் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே பழச்சுவை குறைந்த ஒயின், முதிர்ந்தபின் புளிப்பும் வறட்சியுமாக நின்றுவிடும்.

இளம் ஒயினைச் சுவைத்தல்

அறுவடைக்கு அடுத்த வசந்த காலத்தில், ஒயின் இன்னும் 225 லிட்டர் பீப்பாய்களில் இருக்கும்போதே வணிகர்களும் விமர்சகர்களும் அதைச் சுவைத்து மதிப்பிடுகின்றனர். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 300 புட்டிகளுக்குச் சமம். சுவைப்போர் பொதுவாகக் கவனிப்பவை:

1. நிறம்: வெள்ளைத் தாளின்மேல் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்ப்பர். இளம் ஒயினின் விளிம்பு ஊதாவாக இருக்கும். அப்போதே பழுப்பு தென்பட்டால் அது விரைந்து முதிர்கிறது என்று பொருள்.
2. மணம்: கிண்ணத்தைச் சுழற்றி முகர்வர். புதிய ஓக்கின் வனிலா, வறுத்த மணம் பழ மணத்தை முழுதும் மூடிவிடக் கூடாது.
3. துவர்ப்பின் தன்மை: ஒரு மிடறை வாய் முழுதும் பரவவிட்டுப் பின் துப்பிவிடுவர். நன்கு பழுத்த திராட்சையின் துவர்ப்பு அடர்த்தியாக இருந்தாலும் நயமாக இருக்கும். பழுக்காத திராட்சையினுடையது பச்சைக் காயைக் கடித்ததுபோல் கசந்து உறுத்தும். முன்னது காலத்தால் மென்மையாகும். பின்னதன் உறுத்தல் எளிதில் நீங்காது.
4. நீட்சி: துப்பிய பிறகு எஞ்சுவது பழச்சுவையா, வெறும் வறட்சியா என்று பார்ப்பதே முடிவான சோதனை.

கணிப்பும் காலமும்

1975ஆம் ஆண்டு போர்தோ ஒயின்கள் மிகுந்த துவர்ப்புடையவை. நெடுங்காலம் நிற்கும் என்று பாராட்டப்பட்டன. ஆனால் அவற்றில் பலவற்றின் துவர்ப்பு தணியுமுன்னே பழச்சுவை வற்றிவிட்டது. மாறாக, 1982ஆம் ஆண்டு ஒயின்கள் இளமையிலேயே இனிமையாக இருந்ததால் அவை நீடிக்குமா என்று சிலர் ஐயுற்றனர். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அவற்றை உறுதியாக ஆதரித்தார். அவற்றில் சிறந்தவை பல பத்தாண்டுகள் சிறப்பாக நின்றன.

1976இல் பாரிசில் நடந்த மறைமுகச் சுவைப்பில் கலிபோர்னிய ஒயின் ஒன்று போர்தோ ஒயின்களை முந்தியது. பிரெஞ்சு ஒயின்கள் முதிர்ந்த பிறகே சிறக்கும் என்று அப்போது சமாதானம் கூறப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2006இல் அதே சிவப்பு ஒயின்கள் மீண்டும் சுவைக்கப்பட்டபோது முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. முதிரும் தன்மை ஊரின் பெயரால் மட்டும் வருவதில்லை என்பதை இது காட்டுகிறது.

பாதுகாக்கும் முறை

- வெப்பநிலை: ஏறத்தாழ 12 முதல் 14 பாகை செல்சியசு வரை, ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. வெப்பம் மிகுந்தால் வேதிவினைகள் விரைவடைந்து ஒயின் சுவை கெடும்.
- கிடத்தல்: தக்கையிட்ட புட்டிகளைப் படுக்கவைக்க வேண்டும். தக்கை உலர்ந்து சுருங்கினால் காற்று புகுந்துவிடும்.
- ஈரப்பதமும் இருளும்: காற்றில் ஓரளவு ஈரம் தேவை, வெளிச்சமும் அதிர்வும் கூடா.

ஒரே ஒயினில் பல புட்டிகளை வாங்கிவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒன்றாகத் திறந்து பார்ப்பது பழைய வழக்கம். முதிர்ச்சியைக் கண்டறிய இதைவிட நம்பகமான வழி இல்லை. மேலும், உலகில் விற்கப்படும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே தயாரிக்கப்படுபவை. அவற்றைச் சேமித்து வைப்பதால் பயனில்லை.

திறக்கும் நேரம்

முதிர்ந்த புட்டியை ஒரு நாள் முன்னதாக நிமிர்த்திவைத்தால் வண்டல் அடியில் தங்கும். பின் தெளிந்த பகுதியை மட்டும் மெல்ல வேறு குடுவைக்கு மாற்றுவர். மிகப் பழைய ஒயினின் மணம் காற்றுபட்டால் விரைவில் மறையக்கூடும் என்பதால் அதை நெடுநேரம் குடுவையில் விடுவதில்லை. இளம் ஒயினை ஓரிரு மணி நேரம் குடுவையில் விட்டால் மணம் விரியும். ஆனால் அது ஆண்டுக்கணக்கான முதிர்ச்சிக்கு ஈடாகாது. பழைய நூல்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் "அறை வெப்பநிலை" என்பது ஐரோப்பியக் குளிர் வீடுகளின் 16 முதல் 18 பாகை செல்சியசு வரையிலான அளவே. வெப்பநாட்டு அறையின் 30 பாகை அன்று.

காத்திருந்து முதிர்ந்த ஒயினை மீண்டும் இளமைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே சற்று முன்னதாகத் திறப்பதால் வரும் இழப்பைவிட, அளவுக்கு மிஞ்சிக் காத்திருப்பதால் வரும் இழப்பே பெரிது.