கனமான சாமான் கீழே

கொல்கத்தா என்றதும் மஞ்சள் டாக்சி நினைவுக்கு வரும். அந்த டாக்சிகளில் பெரும்பாலானவை அம்பாசடர் கார்கள். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள உத்தர்பாரா என்ற ஊரில் அவை தயாராயின. 2014-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கார் உற்பத்தி நின்றுபோனது. அதன் பிறகு டாக்சிகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன.

கார் உற்பத்தி நின்றால் அதற்கு வேண்டிய சாமான்களும் எளிதில் கிடைக்காது. அதனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறார்கள். கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் பழைய கார் சாமான்கள் விற்கும் கடைகள் நிறைய உண்டு. அங்கே நல்ல எஞ்சினோ கியர் பாக்ஸோ கிடைத்தால் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அதை எங்கே வைப்பது? கார் ஷெட்டின் மூலையில், மாடிப்படிக்கு அடியில், வீட்டுச் சந்தில். அதே இடத்தில்தான் குழந்தைகள் விளையாடுவார்கள். மழைத் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். சரியாக வைக்காவிட்டால் கொடுத்த பணமும் போகும். உயிருக்கும் ஆபத்து வரும்.

மேடை கட்டுங்கள்

கார் எஞ்சினின் எடை 100 கிலோவுக்கும் மேல் இருக்கும். கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகியவையும் கனமானவை. இவற்றைப் பரண்மேல் ஏற்றக் கூடாது. உயரமான அலமாரியிலும் வைக்கக் கூடாது. விழுந்தால் கீழே இருப்பவர் பிழைப்பது கடினம். கனமான சாமான் எப்போதும் கீழேதான் இருக்க வேண்டும்.

ஆனால் வெறும் தரையில் வைத்தால் ஈரம் ஏறும், துரு பிடிக்கும். கொல்கத்தாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். தாழ்வான தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். அப்படியானால் என்ன செய்வது?

சுவர் ஓரமாகச் செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, அகலமான மேடை கட்டலாம். ஓர் அடி உயரம் போதும். தண்ணீர் அதிகமாக வரும் இடமானால் கொஞ்சம் கூட்டிக் கட்டலாம். மேடைமேல் கனமான பலகை போட்டு எஞ்சினை வைக்க வேண்டும்.

எஞ்சினின் அடியில் எண்ணெய்ச் சட்டி இருக்கிறது. அது மெல்லிய தகடு. முழு எடையும் அதன்மேல் இறங்கினால் நசுங்கிவிடும். ஆகவே எஞ்சினைத் தாங்க மரச்சட்டம் அடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஆடாமல், சாயாமல் இருக்கிறதா என்று தள்ளிப் பார்க்க வேண்டும்.

எஞ்சினில் உள்ள துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசியும் எலியும் உள்ளே போகும். இரும்பு வெளியே தெரியும் இடங்களில் கிரீஸ் பூச வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றக் கூடாது. உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். பருத்தித் துணியால் மூடினால் போதும்.

விளக்கு, ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் போன்றவை அவ்வளவு கனமில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் கெடும். இவற்றை அலமாரியில் மேல் தட்டில் வைக்கலாம். அலமாரியைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

கதவு, பானெட், கண்ணாடி ஆகியவற்றைச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம். அடியில் மரச்சட்டம், இடையில் சாக்கு வைக்க வேண்டும். சரிந்து விழாதபடி கயிற்றால் கட்ட வேண்டும்.

டயரில் தண்ணீர் நிற்கக் கூடாது

பலரும் பழைய டயர்களை வாசலில் போட்டுவிடுவார்கள். மழை பெய்தால் டயருக்குள் தண்ணீர் நிற்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் காய்ந்தாலும் முட்டை சாகாது. டயரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும்.

எனவே டயரைக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெயிலும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். உதாரணமாக 2319 என்று இருக்கலாம். அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். இதைப் படிக்கத் தெரிந்தால் பழைய டயரைப் புதியது என்று யாரும் ஏமாற்றி விற்க முடியாது.

பேட்டரியும் பெட்ரோல் டேங்கும்

பேட்டரிக்குள் அமிலம் இருக்கிறது, ஈயமும் இருக்கிறது. அமிலம் பட்டால் தோல் வெந்துபோகும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பேட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல், சாயாமல், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். சார்ஜ் போடும்போது தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு கூடாது. கெட்டுப்போன பேட்டரியை வீட்டில் உடைக்காமல் பேட்டரிக் கடையில் கொடுத்துவிட வேண்டும்.

பழைய பெட்ரோல் டேங்கை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. காலி டேங்க்தானே என்று நினைப்பது தவறு. உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுப்புவரை வரும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

தூக்கும்போது

எஞ்சினைக் கையால் தூக்க முயலக் கூடாது. வீட்டு உத்தரத்தில் சங்கிலி மாட்டியும் தூக்கக் கூடாது. கூரையைத் தாங்கும் உத்தரம் எஞ்சினையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. மெக்கானிக் ஷெட்டிலிருந்து தூக்கும் கருவியை வாடகைக்கு வாங்கலாம். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ வைக்கக் கூடாது. சக்கரம் போன்ற சிறிய சாமானைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும்.

எழுதி வையுங்கள்

ஒவ்வொரு சாமானிலும் ஓர் அட்டை கட்டுங்கள். சாமானின் பெயர், எந்த ஆண்டு வண்டியுடையது, வாங்கிய தேதி, கொடுத்த விலை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். இருப்பது தெரியாமல் அதே சாமானை இரண்டாம் முறை வாங்க நேராது. ஆண்டுக்கு ஒரு முறை நோட்டைப் பாருங்கள். இனி உதவாது என்று தெரிந்ததை விற்றுவிடுங்கள். காசும் கிடைக்கும், இடமும் கிடைக்கும்.

கலந்து பேசுங்கள்

1. எஞ்சினைப் பரணில் ஏன் வைக்கக் கூடாது? வெறும் தரையில் ஏன் வைக்கக் கூடாது?
2. காலி பெட்ரோல் டேங்க் ஏன் ஆபத்தானது?
3. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கிய டயர்கள் உள்ளனவா? அவற்றை என்ன செய்யலாம்?