வழுக்கும் குசினித் தரை: காரணமும் பரிகாரமும்

சில வருடங்களுக்கு முன்னர், நாம் நன்கறிந்த ஒரு சாப்பாட்டுக்கடையில், சாம்பார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த இளைஞன் ஒருவன் குசினி வாசலில் வழுக்கி விழுந்தான். கொதித்த சாம்பார் அவனுடைய கையிலும் தொடையிலும் கொட்டியது. இரண்டு மாதங்கள் அவனால் வேலைக்குப் போக முடியவில்லை. “பார்த்து நடந்திருக்கலாமே” என்றார்கள் பலர். ஆனால் அந்தத் தரை அன்று காலையிலேதான் சவர்க்காரம் போட்டுக் கழுவப்பட்டிருந்தது. கழுவிய தரை ஏன் வழுக்கியது? இதைத்தான் இங்கே நாம் விளக்க விரும்புகிறோம். நம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பலர் பட்டணத்துக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சிறு கடை நடத்தும் குடும்பங்களும் நம்மிடையே பல உண்டு.

தரை வழுக்குவது எதனால்?

காலுக்கும் தரைக்கும் இடையில் உராய்வு இருப்பதனாலேயே நாம் விழாமல் நடக்கிறோம். மினுக்கமான ரைல்சில் இந்த உராய்வு முன்னமே குறைவு. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தால், கால் தரையைத் தொடாமல் எண்ணெயின் மேலேயே நிற்கிறது. எண்ணெய் தரையில் சிந்தியிருக்க வேண்டும் என்பதில்லை. வடையும் ரோல்சும் பொரிக்கும்போது கிளம்பும் புகையுடன் நுண்ணிய எண்ணெய்த் துளிகளும் பறந்து, அடுப்புக்கு அப்பாலும் படிகின்றன. செருப்புகள் அதை வாசல்வரை கொண்டுசெல்கின்றன.

கழுவும்போது நேரும் பிழைகள்

முதலாவது பிழை, பச்சைத் தண்ணீர். எண்ணெய் தண்ணீரில் கரையாது. பச்சைத் தண்ணீரை ஊற்றித் துடைத்தால், ஓரிடத்து எண்ணெய் தரை முழுவதும் பரவும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே மலைநாட்டுக் குளிரில் அது தரையிலேயே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, கட்டிச் சவர்க்காரம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து ஊறி வருவது. கல்சியம் மிகுந்த இந்த வன்னீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்காது. பதிலாக, தயிர்த்திரள் போன்ற ஒரு வெள்ளைப் படிவு உண்டாகும். அந்தப் படிவு எண்ணெயுடன் சேர்ந்து தரையில் ஒட்டும். சுத்தம் செய்கிறோம் என்று எண்ணி, நாமே வழுக்கலைப் பூசுகிறோம்.

மூன்றாவது, ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியைத் திரும்பத் திரும்ப நனைத்துத் துடைப்பது. நான்காம் தடவை அந்தத் துணி எண்ணெயை எடுப்பதில்லை, பூசுகிறது.

சரியான முறை

1. கூட்டுங்கள். சோற்றுப் பருக்கை, மரக்கறித் தோல் யாவற்றையும் முதலில் அகற்றுங்கள். எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூளைத் தூவி, அது உறிஞ்சிய பின் அள்ளுங்கள். அள்ளிய தூளை அடுப்புக்கு அருகில் வைக்க வேண்டாம். அது எளிதில் தீப்பிடிக்கும்.

2. பத்து லீற்றர் சுடுநீரில் சலவைத் தூளை பைக்கற்றில் குறிப்பிட்ட அளவில் கரையுங்கள். சலவைத் தூள் வன்னீரிலும் வேலை செய்யும். அதன் நுண்துகள் ஒவ்வொன்றிலும் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை தண்ணீரைப் பற்றும். இவ்வாறே எண்ணெய் தரையை விட்டுக் கிளம்புகிறது. பழைய பிசுக்கு என்றால், இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் சேருங்கள். அப்பச்சோடா இதற்குப் போதிய வலுவுள்ளதல்ல. கைக்கு றப்பர் உறை அவசியம்.

3. கரைசலைத் தரையில் ஊற்றி, ஐந்து முதல் பத்து நிமிடம் காயவிடாமல் ஊறவிடுங்கள். அவசரப்படுவோர் பெரும்பாலும் இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

4. துணியால் துடைக்காமல், விறைப்பான தும்புத்தடியால் அல்லது பிரசால் தேயுங்கள். ரைல்ஸ் இடுக்குகளில் கூடுதலாகத் தேயுங்கள். அழுக்கு நீரை வழித்துத் தள்ளிவிடுங்கள்.

5. சுத்தமான தண்ணீரால் இருமுறை அலசுங்கள். தரையில் தங்கும் சலவைத் தூளும் ஈரம் பட்டதும் வழுக்கும். பின் தண்ணீரை வழித்து, காயும்வரை எவரையும் நடக்கவிடாதீர்கள்.

காய்ந்த தரையை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறை தெரிந்தால் வேலை முடியவில்லை. பொரியல் வேலை நடக்கும் கடையில், மத்தியானச் சாப்பாடு முடிந்த பின் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் கழுவுவது நல்லது.

செய்யக் கூடாதவை

கழிப்பறை கழுவும் அமிலத்தைத் தரைக்குப் போடாதீர்கள். அது எண்ணெயை அகற்றாது. இடுக்குகளிலுள்ள சீமெந்தை அரிக்கும். வெளிற்றும் தூள் கிருமியைக் கொல்லும், பிசுக்கை நீக்காது. இவை இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரீன் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குசினியில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

கழுவிய நீர் எங்கே போகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைய உண்டு. கொல்லையில் ஊற்றும் அழுக்கு நீர் அதனூடாகக் கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. எனவே பொரித்த எண்ணெயைத் தரையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தகரத்தில் சேருங்கள். கழிவு நீர் போகும் வழியில் ஒரு சிறு தொட்டி கட்டினால், எண்ணெய் மேலே மிதக்கும். கிழமைக்கொருமுறை அதை அள்ளி அகற்றலாம்.

யாருடைய பொறுப்பு?

விழுந்தவனைக் குறை சொல்வது எளிது. ஆனால் சுடுநீர், தும்புத்தடி, சலவைத் தூள், கழுவுவதற்கு அரை மணிநேரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயமடைவோருக்கு நட்டஈடு வழங்கும் பொறுப்பை, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலாளியின் மேல் சுமத்துகிறது. இதை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

புதிதாகக் கடை கட்டுவோர், குசினிக்கு மினுக்க ரைல்ஸ் போடாமல், சொரசொரப்பான ரைல்சோ சீமெந்துத் தரையோ போடுவது உத்தமம். பார்வைக்கு அழகு குறைந்தாலும், கொதிக்கும் சட்டியுடன் நடப்பவனுக்கு அதுவே பாதுகாப்பு.