பாசிட்டிவ் வந்தால் நோய் உறுதியா?

ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துக் காசநோய் என்று சொல்லும் கிட்களைத் தனியார் லேப்கள் பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்தன. நோயற்றவருக்கு நோய் என்றும், நோயுள்ளவருக்கு இல்லை என்றும் அவை மாற்றிச் சொல்வது ஆய்வுகளில் தெரிந்தது. 2011இல் உலக சுகாதார அமைப்பு அவற்றைக் கைவிடச் சொன்னது. 2012 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது.

மட்டமான கிட் மட்டும்தான் ஏமாற்றும் என்றில்லை. நோயுள்ள நூறு பேரில் 95 பேரைப் பிடிக்கும், நோயற்ற நூறு பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நல்ல சோதனைதான். அதை 10,000 பேருக்குச் செய்கிறார்கள். உண்மையில் நோய் இருப்பது 100 பேருக்கு. அவர்களில் 95 பேர் சிக்குவார்கள். மீதி 9,900 பேரில் 495 பேருக்கும் பாசிட்டிவ் வந்துவிடும். ஆக, 590 பாசிட்டிவ் ரிப்போர்ட்டில் மெய்யானது 95. ஆறில் ஒன்றுகூட இல்லை. பாதிப் பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் இதே கிட்டைப் பயன்படுத்தினால், வரும் பாசிட்டிவ்களில் 95 சதவீதம் மெய்யாகிவிடும். ஒரு தொந்தரவும் இல்லாதவரை அழைத்துப் பத்துப் பதினைந்து சோதனை செய்யும் 'பேக்கேஜ்'கள் மீது எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பது இதனால்தான்.

அறிகுறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று அறிவிக்க, வெவ்வேறு வகைக் கிட்களில் மூன்று சோதனை பாசிட்டிவ் ஆக வேண்டும் என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் விதி. மற்ற நோய்களுக்கும் டாக்டரிடம் கேளுங்கள்: இது முதல்கட்டச் சோதனையா, உறுதிப்படுத்தும் சோதனையா? என் அறிகுறிகளோடு பொருந்துகிறதா? காசநோய் சந்தேகம் என்றால் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

தவறான பாசிட்டிவ் வந்தது என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. தடை செய்த கிட்டைப் பயன்படுத்தியது, சாம்பிளை மாற்றியது, உறுதி செய்யாமலே கடும் சிகிச்சை தொடங்கியது போன்ற அலட்சியத்தைக் காட்ட வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் வாங்கிய லேப் மீது 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் வழக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே மேலதிகாரியிடம் முறையிடலாம்.

எங்கே போனாலும் ரிப்போர்ட்டோடு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். செய்த சோதனையின் முழுப் பெயர் பில்லில் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள்.