கொட்டாஞ்சேனையில் தட்டினால் வெள்ளவத்தையில் கதவு ஏன் திறப்பதில்லை?

வெள்ளவத்தை வீட்டிலுள்ள மேசைக் கணினிக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து எஸ்எஸ்எச் (SSH) என்ற தொலையணுகல் நெறிமுறை வழியாக நுழைய முடியாவிட்டால், முதலில் பிழைச் செய்தியை வாசிக்க வேண்டும். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்றால் கோரிக்கை பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் 22ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் சேவை ஓடாமல் இருக்கலாம். பதிலே வராவிட்டால் பயர்வோலையோ ரவுட்டரையோ சந்தேகிக்கலாம். 192.168 எனத் தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். மின்வெட்டு முடிந்து ரவுட்டர் மீண்டும் எழும்போது வெளி முகவரியும் மாறியிருக்கலாம்.

கணினியின் அடையாளச் சாவி மாறிவிட்டதென்ற எச்சரிக்கை வேறு வகை. இயங்குதளத்தை மீள நிறுவியிருந்தால் அது இயல்பு. இல்லையேல் இடையில் யாரோ ஒட்டுக்கேட்கலாம். காரணத்தை அறியாமல் பழைய சாவியின் பதிவை அவசரமாக அழிப்பதுதான் பலர் விடும் பிழை. 1995இல் பின்லாந்தின் தாத்து யிலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையை எழுதியதே பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் இப்படி ஒட்டுக்கேட்கப்பட்டுக் களவுபோனதால்தான்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தனிச்சாவியால் நுழைபவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. லினக்ஸில் அந்தச் சாவிக் கோப்பைப் பிறரும் வாசிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் வாசிக்க, எழுத) ஆக்கினால் ஏற்கும்.