கூடப் போனவர் மேலும் வழக்குதான்

வேலைக்காக சேலம், நாமக்கல் பக்கம் வந்து குடியேறியவருக்கு, ஊர் பழகியதும் ஓர் அழைப்பு வரலாம்: ராத்திரி கொல்லிமலை அடிவாரம் வரை போய்வருவோம், மான் கறி கிடைக்கும். அமெரிக்காவில் எல்க் மான் சுடும் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர், இதையும் அந்த மாதிரி பொழுதுபோக்காக நினைத்துவிடுவார். அங்கே கொலராடோ மாநிலத்தில் 1949-இலோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சி முடித்தால்தான் உரிமம் வாங்க முடியும்; எந்தப் பகுதி, எந்தப் பருவம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். இங்கே மான் வேட்டைக்கு உரிமம் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே எங்கே போவது, எதைச் சுடுவது என்று புதியவர் விசாரிக்க எதுவும் இல்லை. கூடப் போனாலே என்ன ஆகும் என்பதுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

'அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கிச் சுட்டார்களே' என்பார்கள். உண்மைதான். வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் வேட்டையாடிய பென்னாகரம் அன்றைக்குச் சேலம் மாவட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே முதலில் சில விலங்குகளுக்கு உரிமம் அனுமதித்தது. 1991 திருத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. சுடுவது மட்டுமே வேட்டை என்று சட்டம் சொல்லவில்லை. பைக் கிளட்ச் கம்பியில் சுருக்கு வைப்பது, வலை கட்டுவது, விரட்டிவிடுவது, இரை வைப்பது, முயற்சி செய்து வெறுங்கையோடு திரும்புவதுகூட வேட்டைதான். உடந்தையாக இருந்தவருக்கும் அதே குற்றம் என்கிறது 52-ஆம் பிரிவு. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மானின் கண்ணில் வெளிச்சம் அடித்தவர், 'நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை' என்று தப்ப முடியாது. ஃபிரிட்ஜில் கறி இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான்.

'ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்பது இன்னொரு நம்பிக்கை. 2022 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அங்கே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி சிக்கினால் ஆயுதச் சட்டமும் சேரும். காட்டெருமை முட்ட வந்ததால் சுட்டேன் என்றாலும், நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டவரைத்தான் சட்டம் காக்கும். வேட்டைக்குப் போன இடத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கனமான எதிர்வாதம் விவசாயியுடையது. மரவள்ளிக் காட்டை ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் கிளறிப் போட்டால் சட்டப்புத்தகம் சோறு போடுமா என்று அவர் கேட்பது நியாயம். அரசும் அதை ஏற்றுக்கொண்டுதான் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை. மலையடிவாரத் தோட்டக்காரருக்கு இதில் பெரிய நிம்மதி இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்காக அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியை வைப்பதும், வேலிக்கம்பியில் திருட்டுக் கரண்ட் விடுவதும் தீர்வாகாது. அந்தக் கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துத் தோட்டத்து ஆளும் ஒன்றுதான். சூரிய மின்வேலி போடுவதானாலும் 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும். சேதமான பயிரை அப்புறப்படுத்தும் முன் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிவிட வேண்டும்.