இருபது மில்லிமீற்றர் துளையும் ஒரு பந்தயக் காரும்

நாயாற்றுக் கரையில் வள்ளத்தின் பின்புறம் பூட்டிய எஞ்சினை இயக்குவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். முதலில் கொஞ்சம் பெற்றோல். எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு வெப்பம் வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும் இந்த அறிவின் துணையோடுதான். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிவிடுவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் வேலையைத் தொடரும். புகை வந்தது, பிளக்கில் கரி பிடித்தது, ஆனாலும் வண்டி ஓடியது.

அந்தப் பெற்றோல் தட்டுப்பாடு யாரும் விரும்பி வாங்கியதல்ல. ஆனால் தட்டுப்பாட்டை வேண்டுமென்றே விதியாக எழுதிவைத்து, அதற்குள் நின்று ஒரு பந்தயக் காரைச் செய்து காட்டு என்று பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்கும் போட்டி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அதன் பெயர் ‘போர்முலா எஸ்.ஏ.இ.’, ஐரோப்பாவில் பெரும்பாலும் ‘போர்முலா ஸ்ரூடன்ற்’. 1979இல் ஹூஸ்ரன் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறு போட்டி ஒன்றிலிருந்து முளைத்து, 1981இல் ஒஸ்ரின் நகரில் இன்றைய பெயரோடு தொடங்கியது. 1998இல் இங்கிலாந்துக்கும் 2006இல் ஜேர்மனிக்கும் பரவியது. இலங்கையிலிருந்து மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ‘ஷார்க்’ அணி இங்கிலாந்துப் போட்டிக்கு வண்டி செய்து கொண்டுபோயிருக்கிறது. இந்தியாவில் ‘போர்முலா பாரத்’ போட்டி கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.ரி.யின் ‘ரப்தார்’, வேலூர் வி.ஐ.ரி.யின் ‘பிரவேகா’ போன்ற அணிகள் இந்தப் போட்டிக் களத்தில் வளர்ந்தவை.

மூச்சைப் பிடிக்கும் விதி

பெற்றோலில் ஓடும் வண்டிக்கு 710 கன சென்ரிமீற்றர் வரையிலான நான்கு வீச்சு எஞ்சினைப் பயன்படுத்தலாம். பல அணிகள் 600 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை எடுக்கின்றன. ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போகவேண்டும். நூறு குதிரைவலுவுக்கு மேல் தரக்கூடிய எஞ்சின் இந்தத் துளைக்குப் பின்னால் சுமார் எண்பதுக்கு இறங்கிவிடும்.

இதற்குள் இருக்கும் பௌதிகவியல் உயர்தர மாணவருக்கும் எட்டக்கூடியது. எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல, துளையில் காற்றின் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் அது ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு உள்ளிருந்து எவ்வளவு இழுத்தாலும் வெளிக்காற்றுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அழுத்த மாற்றம் பயணிப்பதும் ஒலியின் வேகத்தில்தானே. எனவே ஒரு வினாடிக்குச் சுமார் 70 கிராம் காற்று, அதுதான் எல்லை. 600 சி.சி. எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் 300 கன சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 0.36 கிராம் காற்றை உள்ளிழுக்கிறது. எழுபதை இதனால் வகுத்தால் வினாடிக்கு 194 சுற்று, நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,700 சுற்று வரும். அதற்கு மேல் எஞ்சினை முறுக்கினால் சத்தம் கூடும், வலு கூடாது.

துளையைப் பெரிதாக்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் குழாய் எப்படி விரியவேண்டும் என்பது மாணவர்களின் கையில் இருக்கிறது. சட்டென்று விரிந்தால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும், அழுத்தம் வீணாகும். மெல்ல விரிந்தால் குழாய் நீளும். உராய்வும் எடையும் கூடும், வண்டியில் இடமும் போதாது. சில பாகைக் கோண வித்தியாசத்துக்காகக் கணினி முன்னால் இரவுகள் கழிகின்றன. பாடப்புத்தகத்தில் பேர்னூலியின் சமன்பாட்டை ஒரே நாளில் கடந்துபோன மாணவர், இங்கே அதனோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்.

வேகத்துக்கு மட்டுமா புள்ளி?

அமெரிக்கப் போட்டியின் மொத்தப் புள்ளி 1,000. அதில் 325 புள்ளிகள் வண்டி ஓர் அங்குலமும் நகராமலே தீர்மானிக்கப்படுகின்றன: வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்ட விளக்கத்துக்கு 75. செலவு அறிக்கையில் ஆணி முதற்கொண்டு விலை எழுதவேண்டும். வடிவமைப்பு நடுவர்கள் அனுபவமுள்ள பொறியியலாளர்கள். இந்தக் குழாய் ஏன் இவ்வளவு தடிப்பு, இந்தச் சுருள்வில் ஏன் இந்த இறுக்கம் என்று கேட்பார்கள். இணையத்தில் பார்த்தோம் என்ற பதில் அங்கே எடுபடாது.

ஓடுதளத்தில் இறங்குவதற்கு முன் பாதுகாப்புச் சோதனை. வண்டியை 60 பாகை சரித்துப் பார்ப்பார்கள், கவிழக்கூடாது. பிரேக்கை அழுத்தினால் நான்கு சில்லுகளும் ஒன்றாக இறுகி நிற்கவேண்டும். சாரதி பட்டியைக் கழற்றி ஐந்து வினாடிக்குள் வெளியே வரவேண்டும். பிறகு 75 மீற்றர் நேரோட்டம், எட்டு வடிவ வளையத்தில் சுற்றல், ஒற்றைச் சுற்று வேகப் போட்டி என்று நீளும் பட்டியலின் கடைசியில் 22 கிலோமீற்றர் நீடித்த ஓட்டம். 275 புள்ளிகள் இதற்கு மட்டும். பாதியில் நிறுத்தி, மூன்று நிமிடத்துக்குள் சாரதியை மாற்றி, கொதித்துக்கிடக்கும் எஞ்சினை மறுபடி இயக்கவேண்டும். பல அணிகளின் ஒரு வருட உழைப்பு இந்த இடத்தில் நின்றுபோகிறது.

மின்சார வண்டிகளுக்கு வேறு பூட்டு: 80 கிலோவாற்று, 600 வோல்ற்று, அதற்கு மேல் போகக்கூடாது. போட்டி விதியிலிருந்து விடுபட்டால் மாணவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதைச் சுவிற்சர்லாந்தின் சூரிச் ஈ.ரி.எச். மாணவர்களும் லுசேர்ன் மாணவர்களும் 2023 செப்ரெம்பரில் காட்டினார்கள். அவர்களின் ‘மீதன்’ கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 0.956 வினாடியில் எட்டியது. அதற்குத் தேவைப்பட்ட தூரம் 12.3 மீற்றர்: இரண்டு மீன்பிடி வள்ளங்களை நீளவாக்கில் அடுக்கினால் வரும் தூரம்.

ஏன் சேர்கிறார்கள்?

வேகத்தின் கவர்ச்சி முதலில் இழுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஓர் அணியில் சாரதியாக அமர்பவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் வெல்டிங் செய்கிறார்கள், வயரிங் இழுக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், அனுசரணை கேட்டுக் கம்பனி வாசலில் காத்திருக்கிறார்கள். வேலைவாய்ப்பும் ஒரு காரணம். வாகன நிறுவனங்கள் இத்தகைய அணிகளில் இருந்தவர்களை விரும்பி எடுக்கின்றன. ஆனால் வேலை கிடைக்கும் என்ற நினைப்பு மட்டும் ஒருவரை இரவு இரண்டு மணிக்குப் பட்டறையில் நிறுத்திவைக்காது.

பரீட்சை வினாவில் தேவையான தரவுகள் எல்லாம் தரப்பட்டிருக்கும். விடை ஒன்று எங்கோ இருக்கும். காரில் இரண்டும் இல்லை. சட்டகத்தைப் பலப்படுத்தினால் எடை கூடும். எடை கூடினால் பிரேக் பெரிதாகவேண்டும். பிரேக் பெரிதானால் சில்லுக்குள் இடம் போதாது. எஞ்சின்காரரும் சட்டகக்காரரும் ஒரே இடத்துக்காகச் சண்டைபிடித்து, இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் கார் பிறக்கும். நாலு வருடம் துண்டுதுண்டாகப் படித்த பாடங்கள் ஒரு பொருளாகக் கூடி, ஓடுகிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் அது. சலுகைப் புள்ளி கிடையாது. நண்பர்கள் கண்முன்னே நம் கையால் முடுக்கிய ஆணி கழன்று விழுந்தால் வரும் வெட்கம், எந்த விரிவுரையாலும் தரமுடியாத பாடம்.

இப்படிக் கட்டுப்பாட்டுக்குள் கார் செய்வதற்கு நமக்கு அருகிலேயே முன்னோடி உண்டு. போர்முலா பாரத் நடக்கும் ஓடுதளத்துக்குப் பெயர் தந்த கோயம்புத்தூர்க்காரர் கரிவர்தன், வெளிநாட்டு வண்டிகளை இறக்குவது எளிதல்லாத 1980களில், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினை வைத்து மலிவான பந்தயக் கார்களைச் செய்தவர். ‘போர்முலா மாருதி’ என்ற அந்த வண்டிகளில்தான் ஒரு தலைமுறை இந்தியப் பந்தயச் சாரதிகள் பழகினார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில். அதைச் சுற்றி லான்ட்மாஸ்ரரையும் வள்ள எஞ்சினையும் பழைய மோட்டார் சைக்கிளையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் வன்னி முழுக்க இருக்கின்றன. விதிப்புத்தகம் பெரிய எஞ்சினைக் கேட்பதில்லை. இந்திய அணிகள் பல 400 சி.சி.க்கும் குறைவான ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோடு போட்டியிடுகின்றன. ஏன் ஓடுகிறது என்று கணக்குப் போடத் தெரிந்த மாணவரும், எப்படி ஓடவைப்பது என்று தெரிந்த கராஜ்காரரும் ஒரே சட்டகத்தின் இரு பக்கமும் நின்று வேலை செய்தால், முதல் வருடக் கார் மெதுவாகத்தான் ஓடும். இரண்டாம் வருடக் காரைச் செய்ய அதுவே போதும்.